மணலில் ஊறிய தண்ணீர்

எண்பதுகளின் கடைசியில் ஓசூரில் ஒரு கம்பெனியின் சோதனைப் பிரிவில் வேலை பார்த்தேன். சின்னச் சின்ன இரும்புப் பாகங்களைக் கேஜ் என்ற அளவுகருவியில் வைத்துப் பார்த்து, நல்லதையும் ரிஜெக்டையும் பிரித்துப் போடுவதுதான் வேலை. சொந்த ஊர் காவேரிப்பட்டினம். மாந்தோப்பும் ஆறும் எனக்குத் தெரியும், காடு தெரியாது. யானையைக் கோயில் வாசலில் சங்கிலியோடு பார்த்ததோடு சரி.

பக்கத்து மேசைத் தோழி தேன்கனிக்கோட்டைக்காரி. அவளுடைய அப்பா புளி வியாபாரி. ஒருநாள் கேன்டீனில் சாப்பிடும்போது சொன்னாள்: "எங்க அத்தாகிட்ட புளி கொண்டாந்து போடற அக்கா ஒருத்தங்க இருக்காங்க. காட்டுக்குள்ளயே பொறந்து வளந்தவங்க. அவங்ககூடப் போனா யானையப் பாத்துட்டு வந்துடலாம்டி."

"பாத்துட்டு வந்துடலாமா, இல்ல அங்கயே இருந்துடலாமா?" என்றேன்.

இருந்தாலும் போனோம். பங்குனி மாதம், வார விடுமுறை நாள். விடியற்காலை பஸ்ஸில் தேன்கனிக்கோட்டை போய், அங்கிருந்து அஞ்செட்டி பஸ் பிடித்து, காட்டு வளைவு ஒன்றில் இறங்கினோம். அந்த அக்கா எங்களுக்காக நின்றிருந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். ஒல்லியான உடம்பு, கணுக்காலுக்கு மேலே ஏற்றிக் கட்டிய சேலை, டயர் செருப்பு. என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"பூவ எடுத்துடும்மா. பவுடரு வேற போட்டிருக்க. மொகத்தக் கழுவு. கல்யாணத்துக்கா போறோம்?"

மல்லிகைச் சரத்தைச் சாலையோர முனியப்பன் கல்லுக்குச் சாத்திவிட்டு, பாட்டில் தண்ணீரில் முகம் கழுவிக்கொண்டேன்.

முதல் ஒரு மணி நேரம் நடந்த இடத்தைக் காடு என்று நம்பவே முடியவில்லை. செம்மண், கரையான் புற்று, இலை உதிர்ந்த முள்மரங்கள். நிழல் என்று கைக்குட்டை அளவுகூடக் கிடையாது. தோழி வாய் ஓயாமல் பேசிக்கொண்டே வந்தாள். அக்கா தடுக்கவில்லை. ஒரு மேட்டைத் தாண்டி மூங்கில் ஆரம்பித்த இடத்தில் நின்று, "இதுக்கு மேல பேச்சு வேணாம்" என்று மட்டும் சொன்னார்.

மூங்கிலுக்குள் வெளிச்சம் மஞ்சளாக விழுந்தது. காற்றில் தண்டுகள் உரசி, கதவு திறக்கிற மாதிரி சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு சத்தத்துக்கும் நான் நின்றேன். வழியில் கிடந்த யானை லத்தியை அக்கா விரலால் கிள்ளிப் பார்த்தார். "இன்னிக்குக் காலையில போட்டது" என்றார். நான் கேஜை வைத்துப் பார்ப்பதைவிட வேகமாக அவர் கணக்கு முடிந்துவிட்டது.

அதற்குப் பிறகு இறக்கம். இறங்க இறங்கக் காற்று குளிர்ந்தது. திடீரென்று சுற்றிலும் பச்சை. தொட்டஹள்ளா என்ற காட்டாற்றின் கரை அது. வெள்ளையாக உரிந்த பட்டையோடு நீர்மருது மரங்கள் கட்டிப்பிடிக்க முடியாத பருமனில் நின்றன. கிளையில் பூனை அளவு இருந்த சாம்பல் நிற அணில் ஒன்று, வாலைத் தொங்கவிட்டு எங்களை எட்டிப் பார்த்தது. ஆற்றில் மட்டும் தண்ணீர் இல்லை. வெறும் மணல்.

அக்கா ஒரு பிடி மண்ணைத் தூவிக் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்தார். எங்களைப் பாறைக்குப் பின்னால் உட்கார வைத்தார். எவ்வளவு நேரம் உட்கார்ந்தோமோ தெரியாது, கால் மரத்துப்போனது. அப்போது எதிர்க்கரையில் யானைகள் வந்தன. ஐந்து. கிளை ஒடிகிற சத்தம்கூட இல்லை. அவ்வளவு பெரிய உடம்புகள் இவ்வளவு அமைதியாக வரும் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை.

முன்னால் வந்த பெரிய பெண் யானை மணலில் ஓரிடத்தில் நின்று முன்னங்காலால் பறித்தது. பிறகு தும்பிக்கையால் மணலை அள்ளி அள்ளி வீசியது. குழி ஆழமானதும் சும்மா நின்றது. தண்ணீர் ஊறக் காத்திருந்தது. குட்டி பொறுக்காமல் குழிக்குள் தலையை நீட்ட, அதை மெல்ல ஒதுக்கிவிட்டுக் கலங்கல் தண்ணீரை உறிஞ்சி வெளியே பீய்ச்சியது. அப்புறம்தான் குட்டிக்கு வழி விட்டது. குட்டி மண்டிபோட்டு வாயாலேயே குடித்தது. என் கண்ணில் நீர் வந்துவிட்டது. ஏனென்று இன்றும் சொல்லத் தெரியவில்லை.

காற்று எங்கள் பக்கமிருந்து யானைகளை நோக்கித் திரும்பியது. பெரிய யானை தும்பிக்கையை உயர்த்தி எங்கள் பாறையை நோக்கி நாலடி வைத்தது. தோழி என் கையை இறுக்கினாள். "சும்னிரு" என்றார் அக்கா, கன்னடத்தில், பேசாமல் இருக்கச் சொல்லி. பிறகு உட்கார்ந்தபடியே யானையிடம் சொன்னார்: "ஹோகம்மா. நாவூ ஹோக்தீவி." நீ போம்மா, நாங்களும் போய்விடுகிறோம். பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவரைக் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொல்கிற குரல் அது. கெஞ்சலும் இல்லை, மிரட்டலும் இல்லை. யானை காதை இரண்டு தரம் அடித்துவிட்டு, குட்டியை முன்னால் விட்டுத் திரும்பி நடந்தது.

அவை போன கொஞ்ச நேரத்தில் புள்ளிமான்கள் வந்து அதே குழியில் குடித்தன. மான்களும் போன பிறகு அக்கா இறங்கிப் போய் அதே குழியில் கை நிறைய அள்ளிக் குடித்தார்.

"குடிங்கம்மா. சித்திர மாசம் பூரா எனக்கு இதான் தண்ணி."

குடித்தேன். சில்லென்று, மண்வாசனையோடு இருந்தது.

"உங்களுக்குப் பயமே இல்லையாக்கா?" என்று தோழி கேட்டாள்.

"பயம் இல்லாமயா? எங்க மாமனார ஒருதரம் தூக்கிப் போட்டுடுச்சி. இன்னும் குச்சி ஊனித்தான் நடக்கறாரு. நானும் பயந்துகிட்டேதான் வர்றேன்" என்றார். சொல்லிவிட்டு, கீழே கிடந்த புளியம்பழங்களை மடியில் பொறுக்கிக்கொண்டே முன்னால் நடந்தார்.

ஏற்றத்தில் எனக்கு மூச்சு வாங்கியது. அவர் மடி கனத்துக்கொண்டே போனதே தவிர, நடை குறையவில்லை. சாலையில் எங்களை பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனார்.

அதற்குப் பிறகு மூன்று முறை போனோம். ஒரு முறைகூட யானை தட்டுப்படவில்லை. ஒருதரம் நீர்நாய்களைப் பார்த்தோம், இன்னொருதரம் மழையில் நனைந்ததுதான் மிச்சம். "இதுக்கா இவ்ளோ தூரம் போறீங்க?" என்று கம்பெனியில் கேட்டார்கள்.

"எங்க அக்கா முன்னால நடக்கறதப் பாக்கவே போலாம்" என்றாள் தோழி. எனக்கும் அப்படித்தான் இருந்தது.