இரண்டு புள்ளி, ஒரு கோடு

எந்தச் சட்டை கைக்கு வந்தாலும் முதலில் காலரைத் திருப்பிப் பார்ப்பாள். கறை இருக்கிறதா, பொத்தான் ஆடுகிறதா என்பதெல்லாம் அப்புறம்தான். இருபத்திரண்டு வருஷமாக இதே பழக்கம். சலவைக்கு வரும் துணியில், இன்ன வீட்டுத் துணி என்று தெரிய, காலரின் உள்பக்கத்தில் அழியாத மையால் அவள் ஒரு குறி வைப்பாள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். பெயர் எழுதினால் தப்பு வந்து நாலு பேர் சிரிப்பார்களோ என்று பயந்து, புள்ளியும் கோடுமாகத் தானே ஒரு முறையை உண்டாக்கிக்கொண்டாள். அதனால் தெரு அவளுக்குப் புள்ளியம்மா என்று பெயர் வைத்தது. வாடிக்கைக்காரர்களிடம் சேர்ந்தாற்போல் நாலு வார்த்தை பேசமாட்டாள். அவர்களைப் பற்றித் தெரியவேண்டியதைத் துணியே சொல்லிவிடும்.

அதிகம் சொன்னது பிஸ்கட் வீட்டுத் துணி. பிஸ்கட் கம்பெனி முதலாளி நூறு பேருக்குச் சம்பளம் கொடுத்தவர். அவர் சட்டைக் காலர் நைந்துபோனால் சட்டையைத் தூக்கிப் போடமாட்டார். காலரைப் பிரித்து, மறுபக்கம் வெளியே வரும்படி திருப்பித் தைத்துக்கொள்வார். ஒவ்வொரு தடவையும் புள்ளியம்மா புதிதாகக் குறி வைக்கவேண்டும். அவருக்கு மூன்று மகன்கள். மூவருக்கும் கல்யாணமாகிக் குழந்தை குட்டி பெருகிய பிறகும் அந்த வீட்டுத் துணி ஒரே மூட்டையாகத்தான் வந்தது.

முதலாளி இறந்த மறுமாதம் அது மூன்று மூட்டையாக வந்தது. மூன்று குறி வையுங்கள் என்று டிரைவர் சொன்னார். அப்போதே புள்ளியம்மாவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. கம்பெனியைப் பிரித்த செய்தி ஊருக்குத் தெரிந்தது அதற்குப் பிறகுதான். நாலு வருஷத்தில் மூன்று மூட்டையும் இளைத்து இளைத்து, காரில் வந்த துணி ஒருநாள் நடந்து வந்தது. மூத்த மருமகளே கையில் தூக்கிக்கொண்டு வந்தாள். புள்ளியம்மா ஸ்டூலை நகர்த்திப் போட்டாள்.

“அடுப்பு எங்களுக்கு, பாக்கெட் போடற மெஷின் நடுவுள்ளவருக்கு, கம்பெனி பேரு கடைசியாளுக்குன்னு சமமாத்தான் பிரிச்சோம், புள்ளியம்மா” என்றாள் அவள். “அடுப்பில்லாத பேரை வச்சு அவர் என்ன பண்ணுவார்? பேரில்லாத பிஸ்கட்டை எங்ககிட்ட யார் வாங்குவா?”

அந்தப் பேச்சைப் புள்ளியம்மா மனசுக்குள் முடிந்து வைத்துக்கொண்டாள். அவள் வீட்டிலும் இரண்டு மகன்கள் இருந்தார்கள்.

பெரியவன் கடையில் சலவை மெஷின் பக்கம். அம்மாவைப் போலவே வாய் திறக்காதவன். சின்னவன் வண்டியில் துணி வாங்கிவந்து கொண்டுபோய்க் கொடுப்பவன். ஒரு பெரிய ஹோட்டலையும் ஆஸ்பத்திரிகளையும் பேசிப் பேசியே பிடித்தவன். சாப்பிடும்போது போனில் உலகத்துப் பெரிய முதலீட்டாளர்களின் கதைகளைக் கேட்டு, சோறு இறங்குவதற்குள் மற்றவர்களுக்கும் சொல்லிவிடுவான். கோடி கோடியாய்ச் சம்பாதித்த ஒருவர் ஐம்பது வருஷமாகப் பழைய வீட்டிலேயே இருக்கிறாராம் என்று ஒருநாள் வியந்தான்.

“நாமளும் பழைய வீட்லதான்டா இருக்கோம்” என்றாள் அம்மா. “வாடகைக்கு.”

இன்னொரு நாள், பொறுமைதான் பெரிய முதல் என்று ஒருவர் சொன்னதாகச் சொன்னான். அதை உங்கண்ணன்கிட்ட காட்டு என்றாள். காட்டவில்லை. தனியாக நின்றால்தான் வளரமுடியும் என்று எந்தக் கதையிலிருந்தோ பிடித்துக்கொண்டான். பெரிய மெஷின் அண்ணனுக்கு, உலர்த்தும் மெஷினும் ஹோட்டல் வாடிக்கையும் தனக்கு என்றான். பெரியவனும் ரோஷத்தில் சரி என்றுவிட்டான். இருவரும் அம்மாவிடம் வந்து, எந்தக் குறி யாருடையது என்று அவள் குறித்து வைத்திருந்த நோட்டில் ஆளுக்கொரு பிரதி மட்டும் கேட்டார்கள்.

வேண்டாம் என்று சொல்லாமல் பிரதியைக் கொடுத்தாள். ஒரு மாதம் தனித்தனியாக நடத்திப் பாருங்கள், அதுவரை எந்த மெஷினும் இடம் மாறக்கூடாது என்று மட்டும் கேட்டுக்கொண்டாள். துணி மாறினால் தேடி எடுத்துவிடலாம். வாசல் தாண்டிய மெஷின் திரும்பாது.

அந்த வாரமே இருவருக்கும் புது வேலை வந்தது. சின்னவனுக்கு ஹோட்டல் சமையல்காரர்களின் வெள்ளைக் கோட்டு, பெரியவனுக்குப் பல் ஆஸ்பத்திரியின் வெள்ளைக் கோட்டு. இருவரும் அவரவர் நோட்டில் கடைசிக் குறி எது என்று பார்த்தார்கள். அதற்கு அடுத்து வரவேண்டியது இரண்டு புள்ளி, ஒரு கோடு. இருவரும் அதையே வைத்தார்கள். ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளவில்லை. கோட்டெல்லாம் ஒரே மெஷினில் சுற்றி ஒன்றாகக் கலந்து, இரண்டு இடத்துக்கும் பாதிப் பாதியாகப் போய்ச் சேர்ந்தன.

பல் டாக்டர் போட்ட கோட்டுக்குள் இன்னொரு டாக்டரும் நுழையலாம்போல் இருந்தது. அவர் சிரித்துவிட்டு, எல்லாவற்றையும் அப்படியே திருப்பி அனுப்பினார். ஹோட்டல் தலைமைச் சமையல்காரருக்கோ பொத்தான் போட முடியவில்லை. அங்கே யாரும் சிரிக்கவில்லை. திங்கட்கிழமையிலிருந்து படுக்கை விரிப்பு உட்பட எல்லாம் வேறு கடைக்கு என்று மேனேஜர் போன் செய்தார். கடைக்கு வரும் வேலையில் பாதி ஹோட்டலுடையது. உன்னால்தான், உன்னால்தான் என்று அண்ணனும் தம்பியும் கத்திக்கொண்டிருந்தபோது, புள்ளியம்மா மைப்புட்டியைப் பையில் போட்டுக்கொண்டாள். டாக்டர் அனுப்பிய மூட்டையைத் தூக்கிக்கொண்டு தனியாகக் கிளம்பினாள்.

ஹோட்டலுக்குள் அவள் காலெடுத்து வைத்தது அதுதான் முதல் தடவை. முன்வாசல் கண்ணாடிக் கதவைப் பார்த்ததும், சுற்றிப்போய்ப் பின்வாசல் வழியே நுழைந்தாள். துணி வைக்கும் அறையில் மேனேஜர் பார்த்திருக்க, தரையில் உட்கார்ந்து, கொண்டுவந்த மூட்டையையும் அங்கிருந்த ஹோட்டல் மூட்டையையும் அவிழ்த்து, ஒவ்வொரு கோட்டாகக் காலரைத் திருப்பினாள். எத்தனை தடவை வெளுத்தாலும் சமையல்காரன் கோட்டில் கழுத்துத் தையலுக்குள் எண்ணெய்ப் பழுப்பு நிற்கும். டாக்டர் கோட்டில் நிற்காது. கால் மணி நேரத்தில் கோட்டுகள் இரண்டு குவியலாயின. ஹோட்டல் கோட்டுகளில் பழைய குறியோடு இன்னொரு கோடு சேர்த்தாள். பிறகுதான் நிமிர்ந்து பார்த்தாள்.

“தப்பு என் வீட்டுதுதான் சார். குறியை இனிமே ஒரே கைதான் வைக்கும். ஒரு மாசம் குடுங்க.”

மேனேஜர் இரண்டு வாரம் கொடுத்தார்.

டாக்டர் கோட்டு மூட்டையோடு திரும்பி வந்து, இருவரையும் துணி மடிக்கும் மேசையின் இரண்டு பக்கமும் நிறுத்தினாள். அவள் அவ்வளவு நீளமாகப் பேசி அவர்கள் கேட்டதில்லை.

“கடை பிரியாது. வர்ற லாபத்தைச் சரிபாதியா பிரிச்சுக்குங்க. எவனுக்கு இருக்கப் பிடிக்கலையோ, அவன் தன் பங்கைக் கூடப்பொறந்தவன்கிட்ட வித்துட்டுப் போகட்டும். கடையில இருந்து ஒரு திருகாணி வெளியே போகக்கூடாது. பிஸ்கட் வீட்டு மூட்டையை நான் இந்தக் கையாலதான் மூணா கட்டினேன். இன்னொரு தடவை கட்டமாட்டேன்.”

சின்னவன் தலையைச் சொறிந்தான். “அந்தக் கதைகள்லயும் இதைத்தாம்மா சொல்றாங்க. மூணாந் தலைமுறை வரைக்கும் நின்ன குடும்பமெல்லாம் போட்ட முதலை உடைக்காம வச்சவங்கதானாம்.”

“அப்ப அதை என் வாயால கேக்கணும்னு காத்திருந்தியா?”

அவன் முதலில் மன்னிப்புக் கேட்கட்டும் என்றான் பெரியவன்.

“கேக்க வேண்டாம். ரெண்டு பேரும் கோட்டை மடிங்க.”

மடித்தார்கள். பேசிக்கொள்ளாமல்தான் மடித்தார்கள். ஆனால் விளிம்போடு விளிம்பு சேர்ந்தது. அந்த வாரமே அவள் சொன்னதைச் சின்னவன் பத்திரத்தாளில் எழுதினான். மூன்று பேரும் கையெழுத்துப் போட்டார்கள்.

இதெல்லாம் நடந்து மூன்று வருஷம் ஆகிறது. ஹோட்டல் துணி இன்னும் இங்கேதான் வருகிறது. சென்ற வருஷம் இன்னொரு பெரிய மெஷின் வாங்கினார்கள். தனியாகப் போகிறேன் என்று சின்னவன் மாதம் ஒருமுறை சொல்கிறான். பங்கை எழுதிக் கொடுத்துவிட்டுப் போ என்றால் பேச்சை மாற்றுகிறான். அண்ணனும் தம்பியும் வேலையைத் தவிர வேறு பேசுவதில்லை. வாரத்தில் இரண்டு நாள் பெரியவன் மனைவி குறி வைக்கிறாள். ஒரு நாளில் ஒரே கைதான் என்று அந்த இரண்டு நாளும் புள்ளியம்மா மைப்புட்டியைத் தொடுவதில்லை. பிஸ்கட் வீட்டு மூத்த மகன் இப்போது மாதம் நாலு சட்டை அனுப்புகிறார். இரண்டில் காலரைத் திருப்பித் தைத்திருக்கிறது.