ஏழு குறிப்பும் எழுதியாச்சா?

எங்கள் குடும்பத்தில் வினாத்தாள் என்ற ஒன்றைக் கையில் வாங்கிய முதல் ஆள் நான்தான். அப்பா துவாக்குடியில் ஒரு பட்டறையில் இரும்புத் தகடு வெட்டும் கேஸ் கட்டிங் வேலை பார்த்தார். அம்மா சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு டியூஷன் சென்டரைக் கூட்டித் துடைத்துக்கொண்டிருந்தாள். அப்பாவுக்குக் கையெழுத்துப் போட வரும். அம்மாவுக்கு அதுவும் வராது. ஆகவே, ஸ்ரீரங்கத்தில் நாங்கள் குடியிருந்த அந்த ஒற்றை அறை வீட்டில் எழுத்து சம்பந்தப்பட்ட எல்லாவற்றுக்கும் நானே அதிகாரி. மருந்துச் சீட்டு, ரேஷன் கடை அறிவிப்பு, போனில் வரும் மெசேஜ் எல்லாம் என்னிடம்தான் வந்து சேரும். பதினைந்து வயதில் இப்படி ஒரு பதவி கிடைத்தால் யாருக்கும் கொஞ்சம் தலை கனக்கும். எனக்குக் கொஞ்சத்துக்கு மேலேயே கனத்தது.

பத்தாம் வகுப்புக் காலாண்டுத் தேர்வில் அந்தக் கனம் குறைந்தது.

தமிழ்த் தாளின் கடைசியில் கட்டுரைக் கேள்வி வரும். எட்டு மதிப்பெண். தலைப்பைக் கொடுத்துவிட்டு, கீழே குறிப்புகளையும் கொடுத்திருப்பார்கள். அந்தக் குறிப்புகளைக் கொண்டு கட்டுரை எழுத வேண்டும். அந்த முறை தலைப்பு, மரம் வளர்ப்போம். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கைடில் இருந்த மரக் கட்டுரையை நான் தூக்கத்தில்கூட ஒப்பிப்பேன். குறிப்புகளின் பக்கம் கண்ணைத் திருப்பாமல், மூன்றரைப் பக்கம் எழுதி, நடுவில் இரண்டு கவிதை வரிகளையும் சேர்த்து, அடியில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுவிட்டு வந்தேன்.

விடைத்தாளில் அந்தக் கட்டுரைக்குப் பக்கத்தில் 2 என்று போட்டிருந்தது. பின்னால் ஒரு சைபர் விட்டுப்போயிருக்குமோ என்றுகூட நினைத்தேன், எட்டுக்கு இருபது யாரும் போட மாட்டார்கள் என்பது உறைக்கும்வரை.

"மூணரைப் பக்கம் மிஸ்," என்றேன் தமிழ் மிஸ்ஸிடம்.

"எண்ணிப் பார்த்தேன்மா. நல்லாத்தான் எழுதியிருக்க. ஆனா நான் கேட்டது ஆறு விஷயம். நீ சொன்னது ரெண்டு. மாடித் தோட்டம் எங்க? சாலை விரிவாக்கம் எங்க? கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாம உன் இஷ்டத்துக்குப் பேசிட்டு வந்திருக்க."

வகுப்பு சிரித்தது. சிரிப்பைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். பிளஸ் ஒன்னில் எங்கள் பள்ளியில் பயாலஜி குரூப் வேண்டுமென்றால் மொத்தம் நானூற்றைம்பதைத் தாண்ட வேண்டும். லேப் டெக்னீசியன் ஆக வேண்டும் என்ற என் ஆசை அந்த குரூப்பில்தான் இருந்தது. மற்ற பாடங்களைக் கூட்டிக் கழித்துப் பார்த்தால், தமிழில் தொண்ணூறுக்கு மேல் வந்தால்தான் கரையேற முடியும். ஒரே கட்டுரையில் ஆறு மார்க்கைத் தொலைத்துவிட்டு அதை எட்டவே முடியாது.

வீட்டில் விஷயத்தைச் சொன்னேன். அப்பாவுக்கு ஒன்று மட்டும் விளங்கவில்லை.

"என்னென்ன எழுதணும்னு அவங்களே கேள்வியில போட்டுக் குடுத்துட்டாங்களா?"

"ஆமாப்பா."

"அப்புறம் ரெண்டு மார்க்கு எப்படி வந்துச்சு? பாத்து எழுதியே ரெண்டா?"

"பாத்து எழுதல. பாக்காம எழுதினேன்."

"பாக்காம எழுதினதுக்கா மார்க்கைக் குறைச்சாங்க? என்ன பாப்பா இது, ஊர்ல பாத்து எழுதினாத்தான வெளிய அனுப்புவாங்க?"

அம்மா சிரிக்கவில்லை. "எந்தக் கேள்வி, காட்டு," என்றாள். காட்டினேன். முன்னுரை – நகரத்து மரங்கள் – சாலை விரிவாக்கம் – மாடித் தோட்டம் – மாணவர் பங்கு – முடிவுரை. அம்மா எழுத்துகளைப் பார்க்கவில்லை. இடையில் இருந்த சின்னக் கோடுகளை விரலால் தொட்டுக்கொண்டே போனாள். "ரயில் பெட்டிக்கு நடுவுல கொக்கி மாட்டின மாதிரி இருக்கு. இந்த மாதிரி கோடு போட்டிருந்தா அதுதான் எட்டு மார்க்கா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அதிகாரி என்ற முறையில் அலட்சியமாகத்தான் சொன்னேன்.

மறுநாள் மாலை அம்மா தன் பையிலிருந்து நான்கைந்து கசங்கிய தாள்களை எடுத்துக் கட்டிலின் மேல் வைத்துக் கையால் நீவினாள். டியூஷன் சென்டர் குப்பைக் கூடையில் கிடந்த பழைய வினாத்தாள்கள். ஆபீஸில் இருக்கும் அக்காவிடம் கேட்டபோது, "குப்பைதானேங்க, எடுத்துக்கங்க," என்றாளாம். ஒவ்வொரு தாளிலும் கோடுகளால் கோத்த ஒரு வரி இருந்தது. நூற்றுக்கணக்கான தாள்கள் கிடந்த கூடையில் குனிந்து, ஒரு எழுத்தும் தெரியாமல், கோட்டை மட்டும் பார்த்துப் பொறுக்கியிருந்தாள். ஒன்றுகூடத் தப்பவில்லை.

அன்றிலிருந்து தினமும் ஒரு கட்டுரை. அப்பாவின் போனில் இருபது நிமிடத்துக்கு அலாரம் வைப்பேன். எழுதுவதற்கு முன் குறிப்புகளை ஒருமுறை சத்தமாகப் படிக்க வேண்டும் என்பது அம்மா போட்ட சட்டம். எழுதி முடித்ததும் கட்டுரையையும் படித்துக் காட்ட வேண்டும். அம்மா கீரை ஆய்ந்துகொண்டே கேட்பாள். ஒரு குறிப்பு வந்ததும் ஒரு விரலை மடக்குவாள். முடிவுரை வரும்போது ஏதாவது விரல் நிமிர்ந்திருந்தால் பிடித்துக்கொள்வாள்.

"முதலுதவின்னு ஒண்ணு சொன்னியே, அது வரல."

"வந்துச்சும்மா. நீ கீரையைப் பாத்துட்டு இருந்த."

"கண்ணுதான கீரையில இருந்துச்சு? வரல. பாரு."

பார்ப்பேன். வந்திருக்காது. எனக்குக் கோபம் கோபமாக வரும். என்னைத் திருத்துவதற்குப் பள்ளியில் எம்.ஏ. படித்த மிஸ் இருக்கிறார். கையெழுத்துப் போடத் தெரியாத ஒருத்தி கீரைக்கட்டை வைத்துக்கொண்டு திருத்துவதா? வாய்விட்டுச் சொன்னதில்லை. முகத்தில் தெரியாமலா இருந்திருக்கும்?

நவம்பரில் ஒருநாள், மழைக்கு நனையாமல் பிளாஸ்டிக் கவரில் சுற்றி ஒரு தாளைக் கொண்டுவந்தாள். கசங்காத, புத்தம் புதுத் தாள். "இன்னைக்கு நல்லதா ஒண்ணு கிடைச்சிருக்கு," என்று நீட்டினாள். நான் வாங்கிச் சத்தமாகப் படித்தேன்.

"இராஜகோபுரம் – அம்மா மண்டபம் – மாம்பழச்சாலை – காவிரிப் பாலம் – சத்திரம் – மெயின்கார்டு கேட்."

டியூஷன் சென்டர் வேன் போகும் வழி!

நான் கட்டிலில் விழுந்து புரண்டு சிரித்தேன். சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பாவுக்குப் புரையேறிவிட்டது. "ஏம்புள்ள, பரிட்சைக்கு வேன் ஓட்டச் சொல்றாங்களா?" என்றார். நானும் விடவில்லை. "அடுத்து கரண்ட் பில்லைக் கொண்டு வா, அதுலயும் கோடு இருக்கும்," என்றேன். அம்மாவின் முகம் சுண்டிப்போனது. கவரை நான்காக மடித்து அலமாரியில் வைத்தாள். பிறகு, குரலை உயர்த்தாமல், "கோடு இருக்குல்ல? எழுது," என்றாள்.

"இதையா?"

"ஆறு குடுத்திருக்கு. ஆறையும் வச்சு எழுது. அலாரத்தை வை."

கிண்டலாகத்தான் ஆரம்பித்தேன். முன்னுரையில் இராஜகோபுரத்தைக் காலை வெயிலில் நிறுத்தினேன். அம்மா மண்டபத்துப் படித்துறையில் துணி பிழிபவர்களையும் வெளியூர்க்காரர்களையும் கொண்டுவந்தேன். காவிரிப் பாலத்தில் வேனை மெதுவாகப் போகவிட்டு, மணல் திட்டில் நிற்கும் கொக்குகளை எண்ணினேன். சத்திரத்தில் நெரிசல். மெயின்கார்டு கேட்டில் இறங்கிக் கட்டுரையை முடித்தேன். எழுத எழுதக் கிண்டல் எங்கேயோ போய்விட்டது. கைடில் இல்லாத ஒரு கட்டுரையை வாழ்க்கையில் முதல்முறையாக நான் எழுதியிருந்தேன். படித்துக் காட்டினேன். அப்பா தட்டைக் கழுவாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

அம்மாவின் மூன்றாவது விரல் நிமிர்ந்தே இருந்தது. "மாம்பழச்சாலை வரல," என்றாள்.

பார்த்தேன். அம்மா மண்டபத்திலிருந்து நேராகப் பாலத்தில் ஏறியிருந்தேன்.

"மாம்பழச்சாலையில நிக்காமயே போயிட்டியா?" என்றார் அப்பா. "அங்க நிக்கிற புள்ளைங்க எல்லாம் டியூஷனுக்கு என்ன பண்ணும்? நாளைக்கு அவங்க அம்மாங்க வந்து டிரைவர் சட்டையைப் பிடிப்பாங்க."

இந்த முறை அம்மாவும் சிரித்தாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. தமிழ் மிஸ் இரண்டு மாதமாகச் சொல்லியும் ஏறாத ஒன்று அப்போதுதான் ஏறியது. குறிப்பு என்பது எனக்கு வைத்த அலங்காரத் தோரணம் இல்லை. ஒவ்வொன்றிலும் எனக்காக ஒருவர் காத்து நிற்கிறார். நிற்காமல் போனால், போன வேகம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அவருக்கு நான் வரவில்லை என்றுதான் கணக்கு.

அதன் பிறகு வினாத்தாளிலேயே ஒவ்வொரு குறிப்பின் தலையிலும் பென்சிலால் ஒரு புள்ளி வைத்துக்கொள்ள ஆரம்பித்தேன். ஒரு குறிப்புக்கு ஒரு பத்தி. எழுதியதும் புள்ளியை அடித்துவிட வேண்டும். அரையாண்டில் ஐந்து வந்தது. திருப்புதல் தேர்வில் ஏழு. "யாரும்மா சொல்லிக் குடுத்தாங்க?" என்று தமிழ் மிஸ் கேட்டார். "நானே பழகினேன் மிஸ்," என்றேன். அப்போது அது எனக்குப் பொய்யாகப் படவில்லை.

பொதுத்தேர்வுக்கு வேறு பள்ளியில் சென்டர் போட்டிருந்தார்கள். அம்மா அரைநாள் லீவு சொல்லிவிட்டு என்னுடன் பஸ்ஸில் வந்தாள். கட்டுரைக்கு வந்தபோது சரியாக இருபத்திரண்டு நிமிடம் பாக்கி. நீ சென்று வந்த புத்தகக் கண்காட்சி. முன்னுரை – அறிவிப்பு – நுழைவாயில் – அரங்குகள் – வாங்கிய நூல்கள் – சிற்றுண்டி – முடிவுரை. நான் எந்தப் புத்தகக் கண்காட்சிக்கும் போனதில்லை. ஆனால் சமயபுரம் திருவிழாக் கடைகளுக்குப் போயிருக்கிறேன். பொம்மைகள் இருந்த இடத்தில் புத்தகங்களை அடுக்கினேன். கூட்டத்தையும் தூசியையும் ஒலிபெருக்கியையும் அப்படியே வைத்துக்கொண்டேன். சிற்றுண்டிக்கு மிளகாய் பஜ்ஜி.

முடிவுரையைத் தொடங்கும்போது ஐந்து நிமிடம் இருந்தது. புள்ளிகளைப் பார்த்தேன். அறிவிப்பின் தலையில் இருந்த புள்ளி அடிபடாமல் நின்றது. கண்காட்சிக்குப் போய், வாங்கி, தின்று, வீட்டுக்குக் கிளம்பியாகிவிட்டது. இனி எங்கே போய் அறிவிப்பைச் சொருகுவது? பிறகு பேனா தானாகவே எழுதியது: "திரும்பி வரும் வழியில், எங்களை அங்கே அழைத்து வந்த அந்த அறிவிப்புத் தாள் சுவரில் கிழிந்து தொங்குவதைக் கண்டேன்." அந்தத் தாளில் என்ன எழுதியிருந்தது, அதை முதலில் பார்த்தது யார் என்று ஆறு வரி எழுதினேன். கடைசிப் புள்ளியை அடித்தேன். மணி அடித்தது.

வெளியே வந்தபோது வாசலில் பெற்றோர் கூட்டம். பலரும் பிள்ளைகளிடமிருந்து வினாத்தாளை வாங்கி, "ஒன் வேர்டு எத்தனை போச்சு?" என்று விசாரித்துக்கொண்டிருந்தார்கள். அம்மா என் கையிலிருந்த தாளை வாங்கினாள். ஒரு பக்கம் திருப்பினாள், இன்னொரு பக்கம் திருப்பினாள். விரல் நேராக அங்கே போய் நின்றது. கோடு கோடாகத் தொட்டுக்கொண்டே போனாள்.

"ஏழு இருக்கு. ஏழு குறிப்பும் எழுதியாச்சா?"

"எழுதியாச்சும்மா."

பக்கத்தில் ஸ்கூட்டியோடு ஒரு அம்மா நின்றிருந்தார். காட்டன் புடவை, தோளில் ஆபீஸ் பை. அழுதுகொண்டு நின்ற தன் மகள் கட்டுரையைப் பாதியில் விட்டுவிட்டதாகக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தவர், எங்கள் பேச்சைக் கேட்டுத் திரும்பினார்.

"கட்டுரை கஷ்டமா இருந்துச்சாங்க?"

"இல்லீங்க," என்றாள் அம்மா, தாளை அவர் பக்கம் சாய்த்து விரலை வைத்தபடி. "பாருங்க, இதுதாங்க அந்தக் கேள்வி. என்னென்ன எழுதணும்னு அவங்களே குடுத்துடறாங்க. புள்ளைங்க அதைப் பாக்காம தெரிஞ்சதை எல்லாம் எழுதிடுதுங்க. ஒவ்வொண்ணா நின்னு நின்னு போகணுங்க. பாதியில வுட்டாலும் பரவால்ல, வந்தவரைக்கும் மார்க் உண்டு. பாப்பாவைத் திட்டாதீங்க."

அந்த மகளின் அழுகை சற்று அடங்கியது. அந்த அம்மா என் அம்மாவை மரியாதையாகப் பார்த்து, "நீங்க டீச்சருங்களா?" என்று கேட்டார்.

எனக்குப் பகீரென்றது. அடுத்து ஏதாவது ஒரு வரியைப் படிக்கச் சொல்லிவிடுவாரோ, எந்த ஸ்கூல் என்று கேட்டுவிடுவாரோ. "அம்மா, பஸ் வந்துடும், வா," என்று தாளைப் பிடுங்கிக்கொண்டு, அவள் கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனேன். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தபின்தான் மூச்சு வந்தது. பெரிய அவமானத்திலிருந்து அம்மாவைக் காப்பாற்றிவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

தமிழில் தொண்ணூற்றாறு வந்தது. கேட்ட குரூப் கிடைத்தது. இப்போது தில்லைநகரில் ஒரு லேபில் ரத்தப் பரிசோதனை அறிக்கைகளில் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அந்தப் பள்ளி வாசல்தான் அடிக்கடி நினைவுக்கு வருகிறது. ஆறு மாதம் அந்த ஒரு கேள்விக்காகத் தினமும் உட்கார்ந்தவர்கள் எங்கள் வீட்டில் இரண்டு பேர் என்பது அன்று எனக்குத் தெரியவில்லை. அந்த அம்மாவின் கேள்விக்கு என் அம்மா வெட்கப்படவே இல்லை. முந்தானையைச் சரிசெய்துகொண்டு, சிரித்தபடி, பதில் சொல்ல வாயெடுத்திருந்தாள்.