பால்கனியில் வயலட் அக்கா

"சர்மாத்தியர்கள் சிதியர்களை ஒரே போரில் விரட்டிவிடவில்லை. மந்தையோடு டான் ஆற்றைத் தாண்டி வந்தார்கள், மேய்ந்தார்கள், தங்கிவிட்டார்கள். புல்வெளியையே ஆண்ட சிதியர்கள் கடைசியில் கிரிமியா மூலையில் ஒண்டினார்கள்."

கல்லூரி வரலாற்று வகுப்பில் இதை நடத்தும்போதே ஆட்ரிக்கு உறைத்தது. வீடு கிடைக்கும்வரை என்று சொல்லித்தானே கணவனோடு கோர்படிப் பகுதியில் இருக்கும் நாத்தனார் வயலட் வீட்டுக்குள் அவளும் நுழைந்தாள்! முதலில் பீரோ வந்தது. பிறகு படுக்கையறை கைமாறியது. சாப்பாட்டு மேசையை விடைத்தாள்கள் பிடித்துக்கொண்டன. வயலட்டின் கட்டில் இப்போது பால்கனியில் கிடக்கிறது.

மாலையில் வந்ததும் வராததுமாக மேசையைக் காலி செய்தாள். அக்காவை அங்கே உட்காரவைத்துப் பரிமாற வேண்டும் என்று பால்கனிக்குப் போனாள். மடியில் தட்டோடு சாப்பிட்டுக்கொண்டிருந்த வயலட் பதறி எழுந்தாள்.

"இந்த இடமும் வேணுமா ஆட்ரி? கொஞ்சம் இரும்மா, கட்டிலை நகர்த்திக்கிறேன்."