ஸ்வீட்லின் பார்க்க மறுத்த குழந்தை

வேலப்பன்சாவடியில் கல்லூரிப் பேருந்துகள் திரும்பும் சாலைக்குப் பின்னால், ஒரு பல் மருத்துவரின் மாடியில் ஸ்வீட்லின் மனநல ஆலோசகராக இருக்கிறாள். அம்பத்தூரில் பிறந்து வளர்ந்தவள். குரலை உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை. ஆனால் முடியாது என்று ஒருமுறை சொல்லிவிட்டால், அப்புறம் யார் கெஞ்சினாலும் அசைய மாட்டாள். அந்த ‘முடியாது’ எவ்வளவு பெரிய உதவி என்பது ரோஷினி விஷயத்தில்தான் தெரிந்தது.

ரோஷினிக்குத் திருநெல்வேலிப் பக்கம். ஐ.டி. வேலைக்காக வந்து, நூம்பலில் புதிதாக எழும்பிய அடுக்குமாடியில் குடியிருந்தாள். கணவன் ஸ்ரீநாத் பிரிந்து போய், விவாகரத்து வழக்கு இழுத்துக்கொண்டிருந்த நேரம். தூக்கம் கெட்டு ஸ்வீட்லினிடம் வந்தவள், சில மாதங்களில் கொஞ்சம் தேறியிருந்தாள். ஒருநாள் மகள் வர்ஷாவைப் பற்றிப் பேச்செடுத்தாள்.

“சனிக்கிழமை அவளைக் கூட்டிட்டுப் போக அவங்க அப்பா கார் எங்க அபார்ட்மெண்ட் கேட்டுக்கு வந்தாலே பிள்ளை வாந்தி எடுக்கா மேடம். நீங்க அவளை ஒருதடவை பாத்து, அப்பான்னா பயம்னு எழுதிக் குடுத்தா போதும். வக்கீலும் அதத்தான் கேக்காரு.”

“வர்ஷாவை நான் பாக்க முடியாது ரோஷினி” என்றாள் ஸ்வீட்லின். “இத்தனை நாளா நான் உங்க பக்கத்தை மட்டும்தான் கேட்டிருக்கேன். நான் எழுதினா, நீங்களே எழுதின மாதிரிதான் அவருக்குத் தோணும். குழந்தைக்கு உங்க ரெண்டு பேருக்குமே நம்பிக்கை வர்ற ஒருத்தர் வேணும். மூணு பேரைச் சொல்றேன். அதுல யாருன்னு அவர் முடிவு பண்ணட்டும்.”

“அவரா? நீங்களும் அவரு பக்கம் போயிட்டியளா?”

ரோஷினி பையைத் தூக்கிக்கொண்டு எழுந்து போய்விட்டாள். வாசலில் வருகிறவர்களை உட்கார வைத்துக் கவனிக்கும் சகாயம்மாள் உள்ளே எட்டிப் பார்த்தாள்.

“இன்னாம்மா, அந்தப் பொண்ணு அழுதுகினே போவுது? ஒரு லெட்டரு எழுதிக் குட்த்தா இன்னா?”

“எழுதிடலாம்க்கா. நாளைக்கு அவர் வேற ஒருத்தர்கிட்ட போய் வேற லெட்டர் வாங்கிட்டு வருவாரு. நடுவுல அந்தக் குழந்தை என்ன பண்ணும்?”

சும்மா சொல்லவில்லை. ஆவடியில் பயிற்சியில் இருந்தபோது அப்படி ஒரு சிறுமியைப் பார்த்திருக்கிறாள். அம்மா அழைத்துப்போன ஆலோசகர் ஒருவர், அப்பா அழைத்துப்போனவர் வேறொருவர். எங்கே எதைச் சொன்னால் விடுவார்கள் என்று அந்தச் சிறுமி பழகிக்கொண்டாள். கடைசியில் யாரிடமும் வாயே திறக்கவில்லை.

மறுவாரம் ரோஷினி வரவில்லை. தேறிவந்தவளை நாமே தள்ளிவிட்டோமோ என்று ஸ்வீட்லினுக்குள் உறுத்தல். ஆனாலும் சும்மா இருக்கவில்லை. பெயர் சொல்லிவிட்டுக் கைகழுவுவது அவள் வழக்கமில்லை. மாங்காட்டில் குழந்தைகளுக்கான ஆலோசகர் சாவித்திரியை அழைத்து, யார் எவர் என்று சொல்லாமலே விசாரித்தாள்: நேரம் இருக்கிறதா, குழந்தைக்கு முன்னால் பெற்றோர் இருவரையும் தனித்தனியே பார்ப்பாரா, யார் வக்கீல் கேட்டாலும் கடிதம் தராமல் இருப்பாரா? மற்ற இருவரிடமும் அதே கேள்விகள்.

அதற்கடுத்த வாரம் ரோஷினி வந்தாள். முகம் வாடிக் கிடந்தது. “வெள்ளிக்கிழமையே, பள்ளிக்கூடத்துல வச்சு வாந்தி எடுத்துட்டா மேடம். அந்தப் பேரையெல்லாம் குடுங்க.” மகளின் ஆலோசனை பற்றி மட்டும் ஸ்ரீநாத்திடம் பேசலாம் என்று சம்மதமும் எழுதிக் கொடுத்தாள்.

ஸ்வீட்லின் போன் செய்ததும் ஸ்ரீநாத் நேரிலேயே வந்தான். உட்காரக்கூட இல்லை.

“நீங்க அவ ஆளுதானே? நீங்க அனுப்புறவங்களும் அவ ஆளாத்தான் இருப்பாங்க.”

“ஆமா சார், நான் அவங்க ஆளுதான். அதனாலதான் உங்க பொண்ணை நான் பாக்க மாட்டேன்னு சொன்னேன். மூணு பேரையும் போய்ப் பாருங்க, என்ன வேணும்னாலும் கேளுங்க. யாரையும் பிடிக்கலைன்னா நீங்க ஒருத்தரைச் சொல்லுங்க. ரோஷினிக்கும் சம்மதம்னா சரி.”

சண்டைக்கென்றே வந்தவன் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான். மூன்று பெயர்களும் எழுதிய தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, “மாங்காடு எனக்குப் பக்கம்” என்றான்.

சாவித்திரி அப்பாவையும் அம்மாவையும் தனித்தனியாகப் பார்த்தார். யாருக்காகவும் கடிதம் எழுத மாட்டேன் என்பதை இருவரிடமும் ஒரே மாதிரி சொன்னார். பிறகுதான் வர்ஷா. சில வாரங்கள் போனபின் இருவரையும் ஒன்றாக உட்கார வைத்து விஷயத்தைச் சொன்னார். குழந்தைக்கு அப்பாவிடம் பயமில்லை. அம்மாவும் எதையும் ஓதி வைக்கவில்லை. அவளுக்குப் பயமெல்லாம் அடுக்குமாடி கேட்டில் நடப்பதுதான். சனிக்கிழமைதோறும் அங்கே இருவரும் கத்துவதும், பால்கனிகளில் ஆட்கள் வந்து நின்று பார்ப்பதும்.

அதன்பின் ஸ்ரீநாத் கேட்டுக்கு வருவதில்லை. ரோஷினி மகளை நீச்சல் வகுப்பில் விட்டுவிட்டுப் போய்விடுவாள்; அங்கிருந்தே அவன் அழைத்துக்கொள்வான். வாந்தி நின்றது. விவாகரத்து ஆகத்தான் ஆனது. அதை யாரும் தடுக்க நினைக்கவில்லை. ரோஷினி ஸ்வீட்லினிடம் தொடர்ந்து வந்தாள். “அன்னிக்கு உங்க மேல எனக்கு அப்படி ஒரு கோவம்” என்று ஒருநாள் சொல்லிச் சிரித்தாள். ஸ்வீட்லினும் சிரித்தாள். வர்ஷாவின் முகம் எப்படியிருக்கும் என்பது இன்றுவரை அவளுக்குத் தெரியாது.

போன மாதம் ஸ்ரீநாத் போன் செய்தான். தனியாக இருக்க முடியவில்லையாம், ஸ்வீட்லினிடமே ஆலோசனைக்கு வரலாமா என்று கேட்டான்.

“ரோஷினி இன்னும் என்கிட்ட வர்றாங்க சார். ஆவடியில பிராங்க்னு ஒருத்தர் இருக்காரு, பொறுமையா கேப்பாரு. நேரம் இருக்கான்னு நான் கேட்டு வைக்கிறேன்.”

“உங்ககிட்ட யார் வரணும்னு கேட்டாலும், இன்னொருத்தர் பேரைத்தான் சொல்றீங்க” என்றான் அவன். குரலில் கோபமில்லை. பிராங்கின் நம்பரைக் கேட்டு வாங்கிக்கொண்டான்.