கொடியில் பச்சைப் புடவை

ராணுவப் பயிற்சி மைதானத்திலிருந்து பார்த்தால் சோனியாவின் வீட்டு மொட்டைமாடி தெரியும். மதிலுக்கு அந்தப் பக்கம் அவர்கள் பேட்டை, மர்பி டவுன். தினமும் வீட்டு வேலைக்குக் கிளம்பும் முன் அம்மா யசோதா மாடிக் கொடியில் தன் பச்சைப் புடவையைப் போட்டுவிட்டுப் போவாள். எல்லோரும் நன்றாக இருக்கிறோம் என்று அர்த்தம். மகள் ராணுவத்தில் சேர்ந்த அன்று அவளே செய்துகொண்ட ஏற்பாடு.

உனக்கென்ன, வீடு கண்ணெதிரே இருக்கிறது என்பாள் பக்கத்துக் கட்டில் ஆஞ்சலா. ராஞ்சிக்காரி. சோனியாவுக்கு ராத்திரியில் தன் தெருக் கோயில் மேளம் கேட்கும். ராஞ்சியின் கோயில் மேளம் ஆஞ்சலாவின் காதில் விழாது.

முதல் வாரம், இடப்புறம் திரும்பச் சொன்னபோது சோனியாவின் தலை தானாக மாடிக்கு உயர்ந்தது. அதற்காக அணி மொத்தமும் மண்ணில் உருண்டது. இன்னொரு தடவை பார்த்தால் வீட்டுக்கே அனுப்பிவிடுவேன், பக்கம்தானே, நடந்தே போய்விடலாம் என்றாள் பயிற்சி தந்த ஹவில்தார்.

வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அதைக் கேட்டதும் உள்ளே எழுந்த ஆசைதான் சோனியாவைப் பயமுறுத்தியது. போன வருஷம் ஆள்சேர்ப்பு ஓட்டத்தில் தோற்று அழுதுகொண்டு வந்தவள் அவள். அவர்கள் தெருவில் சீருடை என்றால் அப்பார்ட்மெண்ட் செக்யூரிட்டிதான்.

பிறகு அவள் மாடியைப் பார்க்கவே இல்லை. அந்தப் பக்கம் திரும்பும்போதெல்லாம் முன்னால் நிற்பவளின் பிடரியைப் பார்த்தாள். மழை வந்தால் புடவை நனையுமே என்று நினைத்துக்கொண்டே பிடரியைப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை போனில், பாத்தியாடி என்று அம்மா கேட்பாள். பாத்தேம்மா என்பாள்.

தேறிவிட்டாள். உறுதிமொழி, அணிவகுப்பு எல்லாம் முடிந்தன. இனி தலையை எந்தப் பக்கமும் திருப்பலாம். திருப்பினாள். கொடியில் ஒன்றுமில்லை. அவசரமாகக் கூட்டத்தில் அம்மாவைத் தேடினாள்.

நாற்காலிகளிலிருந்து பெற்றோர்கள் இறங்கி வந்தார்கள். அம்மா அந்தப் பச்சைப் புடவையில் இருந்தாள். வெயில் பட்ட பாதி வெளுத்திருந்தது. கொடியில் மடங்கிய இடத்தில் நீளமாக ஒரு கோடு.

"இன்னிக்கு ஏம்மா காயப்போடல?"

"அதான் என்னையே காலைலேர்ந்து வெயில்ல போட்டிருக்காங்களே."

இருவரும் சிரித்தார்கள். ஜம்முவில் வேலை போட்டிருக்கிறார்கள் என்று சோனியா மெதுவாகச் சொன்னாள். யசோதா திரும்பினாள். மதிலுக்கு மேலே தன் மாடியை முதல்முறையாக இந்தப் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இங்கேர்ந்து நல்லாத்தான் தெரியுது."

"தெரியும்மா" என்றாள் சோனியா.