வாசலில் நின்ற என் மகளைத் தூக்க வைத்தாள் அம்மன்

என் கைகளைப் பாருங்கள், அடியார்களே. நன்றாகப் பாருங்கள். எண்பதுகளின் நடுவில் இந்தக் கைகள் வெடித்து ரத்தம் கசிந்தன. கழுவிக் கழுவியே அப்படி ஆயின.

அப்போது பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். எதைத் தொட்டாலும் தீட்டு ஒட்டிக்கொண்டது, வீட்டுக்கே கேடு வரும் என்று மனம் அரிக்கும். உடனே குழாயடிக்கு ஓடுவேன். "சுத்தம்னா தனலெட்சுமி அக்காதான்" என்று அக்கம்பக்கத்தார் மெச்சுவார்கள். அது சுத்தம் இல்லை, பயம் என்று எனக்கு மட்டும்தான் தெரியும். பாலர் பள்ளி விட்டு வரும் என் மகள் மீனா வாசலிலேயே நிற்பாள். நான் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்ட பிறகுதான் உள்ளே வரலாம். அப்போதும் அவளைத் தூக்க மாட்டேன். பெற்ற பிள்ளையைத் தூக்க முடியாத நானெல்லாம் ஒரு தாயா என்று அழுவேன்.

மருத்துவமனையில் மாத்திரை கொடுத்தார்கள். மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். பலருக்குக் கேட்கிற மருந்து எனக்குக் கேட்கவில்லை. தூக்கம்தான் வந்தது. என் கணவர் மணியம் பாவம், என்ன செய்வார்? ஓர் ஆடி வெள்ளியன்று இதே சன்னதியில் விழுந்து அழுதேன். "தாயே, என் பிள்ளையை நான் தூக்கணும். வேற ஒண்ணும் வேணாம்."

வெளியே வந்ததும் கோவில் குழாயடியில் மறுபடியும் கழுவத் தொடங்கினேன். பின்னால் நின்ற ஒரு பெண் என் கையைப் பார்த்துப் பதறிவிட்டாள். மருத்துவமனையில் தாதி என்றாள்.

"மாத்திரை தின்னு தின்னு அலுத்துப்போச்சும்மா, போ" என்று எரிந்து விழுந்தேன்.

"மாத்திரை இல்லக்கா. புதுசா ஒரு டாக்டர் வந்திருக்காங்க. மனசுக்குப் பயிற்சி குடுப்பாங்க. வந்துதான் பாருங்க லா."

அம்மன் அனுப்பிய ஆள் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. இருந்தாலும் மீனாவை நினைத்து அந்த டாக்டரிடம் போனேன்.

டாக்டர் ஒரு மலாய்க்காரப் பெண். பஸ் கைப்பிடியைத் தொடு, பாசாரில் மீன்காரர் தரும் சில்லறைக் காசைத் தொடு, ஆனால் கழுவாதே, பயம் தானாக இறங்கும்வரை உட்கார் என்றார். கழுவாமல் இருந்தால் சாமி குற்றம் ஆகிவிடும் என்று சண்டை போட்டேன். அதை உங்கள் கோவில் குருக்களிடமே கேட்டு வாருங்கள் என்றார் பொறுமையாக. கேட்டேன். நம் குருக்கள் சிரித்தார்.

"சன்னதிக்கு வர ஒரு தடவ கழுவினா போதும்மா. அதுக்கு மேல கழுவச் சொல்லி அம்மா கேக்கல."

அதன்பின் மாதக்கணக்கில் பாடுபட்டேன். வேர்த்துக் கொட்டும், நெஞ்சு அடித்துக்கொள்ளும். ஆனால் டாக்டர் சொன்னபடியே பயம் மெல்ல மெல்ல இறங்கியது.

ஒரு மத்தியானம் மீனா ஐஸ்கிரீம் பிசுபிசுக்கும் கையோடு வாசலில் நின்றாள். "அம்மா, இங்கயே நிக்கட்டா?"

"வாடி என் ராசாத்தி" என்று வாரித் தூக்கினேன்.

"ஐயோம்மா, சேலையெல்லாம் ஐஸ்கிரீம் லா!"

குழாயைத் திற, திற என்று மனம் அலறியது. நான் திறக்கவில்லை. அழுகையும் சிரிப்புமாக நின்றேன். மணியம் வேலை முடிந்து வந்தபோதும் அவள் என் இடுப்பில்தான் இருந்தாள்.

மீனா இப்போது என்னைவிட உயரம். பழைய எண்ணம் இன்றும் சிலசமயம் எட்டிப் பார்க்கும். போடி என்று விரட்டிவிடுவேன். பெருமையாகவே சொல்கிறேன்: அம்மன் வழி காட்டினாள், நான் விடாப்பிடியாக நடந்தேன். ஒரு வைத்தியம் கேட்கவில்லையா? அத்தோடு எல்லாம் முடிந்தது என்று உட்கார்ந்துவிடாதீர்கள். அம்மனிடம் கேளுங்கள். வேறு வழி உண்டா என்று டாக்டரிடமும் கேளுங்கள்.

இன்றைய பிரசாத நெய் உருண்டை முழுவதும் என் கையால் பிடித்தது. பிடிக்கும் முன் கை கழுவினேன். ஒரே ஒரு தடவை. நம்பிச் சாப்பிடுங்கள்.