கொட்டாத பாதாம்

கரண்டியின் முதுகால் ஐசிங்கை அள்ளி மஃபினின் நடுவில் வைத்து, ஒரே சுழற்றில் விளிம்புக்குச் சற்று முன்னால் கொண்டுபோய் நிறுத்தின அந்தக் கைகள். பொடித்த சர்க்கரையில் எலுமிச்சைச் சாறு விட்டுக் குழைத்த வெள்ளை ஐசிங். மொத்தம் இருபத்துநாலு மஃபின்கள், ஒன்றில்கூட வழியவில்லை.

இருபத்திரண்டு வருஷம் பள்ளிச் சீருடை தைத்த கைகள். போன மாதம் கண் டாக்டர், "இனிமே ஊசியைத் தொடாதீங்கம்மா" என்று கறாராகச் சொல்லிவிட்டார். தையல்காரி மூலையில் உட்கார்ந்து கண்ணைக் கசக்கவில்லை. ஞாயிறுதோறும் வீட்டுக்கு மஃபின் சுட்டுச் சுட்டுத் தானே கண்டுபிடித்ததை ஒரு நோட்டில் குறித்து வைத்திருந்தாள்: மாவில் ஆரஞ்சுத் தோல் துருவல் எவ்வளவு, பட்டைத்தூள் எந்த அளவைத் தாண்டினால் கசக்கும், எதன்மேல் எதைத் தூவினால் எடுபடும். நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஆஸ்பத்திரி வாசல் காபிக்கடைக்கு நேரே போனாள்.

கடைக்காரர் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார். "ருசியெல்லாம் இருக்கட்டும்க்கா. இங்க எல்லாரும் ஒரு கையில பையைப் பிடிச்சுக்கிட்டு நின்னபடி சாப்பிடுறவங்க. மேல போட்டது சட்டையில கொட்டக் கூடாது. முன்னாடி சரக்கு கொடுத்தவரை அதுக்காகத்தான் நிறுத்தினேன். வெள்ளிக்கிழமை நாலு மணிக்குக் கொண்டாங்க. சரியா இருந்தா தினமும் உங்க சரக்குதான்."

இன்று வெள்ளி. மணி இரண்டரை.

கடைசி மஃபினுக்கும் பூசி முடித்து, வறுத்துச் சீவிய பாதாமை முதலாவதன்மேல் தூவினாள். வழுக்கிக்கொண்டு தட்டில் விழுந்தது. இரண்டாவதிலும் அதே கதை. விரலால் தொட்டாள். ஐசிங் இறுகிக் கிடந்தது.

காலை ஷிப்ட் முடித்து வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த பஸ் டிரைவர், அவள் கணவர், எட்டிப் பார்த்தார்.

"என்ன, ஒட்ட மாட்டேங்குதா?"

"என் புத்தியைப் பாருங்க. எல்லாச் சட்டைக்கும் காலரை முடிச்சிட்டு அப்புறமா பட்டன் வைக்கிற மாதிரி, வரிசையா பூசிக்கிட்டே போயிட்டேன். துணி காத்திருக்கும். இது காத்திருக்குமா?"

"அப்ப பட்டனைத் தைச்சிடு. நூல் இருக்கா?"

"உங்க வாயைத் தைக்கிற அளவுக்கு இருக்கு."

"சுரண்டிட்டு மறுபடி பூசேன்."

"சுரண்டினா மேல்தோலும் சேர்ந்து பிஞ்சு வரும். பிரிச்ச தையல் தெரியாமப் போகுமா?"

அலமாரியிலிருந்து ஆரஞ்சு ஜாம் பாட்டிலை எடுத்தாள். ஜாமைச் சின்னப் பாத்திரத்தில் போட்டு அடுப்பில் ஏற்றினாள். ஒரு மஃபினின் நடுவில் ஒரு சொட்டு வைத்து, பாதாமை அழுத்தி, ஆறவிட்டுக் கவிழ்த்தாள். பாதாம் நழுவியது. ஜாமைக் கம்பிப் பதம் வரும்வரை இன்னும் காய்ச்சினாள். மறுபடி வைத்தாள், கவிழ்த்தாள், உலுக்கினாள். அசையவில்லை.

அதன்பின் வரிசை வேலை கிடையாது. ஒன்றுக்குச் சொட்டு, உடனே பாதாம், அப்புறம்தான் அடுத்தது. வெள்ளை வட்டத்தின் நடுவில் ஆரஞ்சு நிறம் பளிச்சென்று இருந்தது. முதலில் நினைத்திருந்ததைவிட இதுதான் பார்க்க லட்சணம் என்று அவளுக்கே பட்டது.

நாலு அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது கடையில் நின்றாள். கடைக்காரர் தட்டின் நடுவிலிருந்து ஒன்றை உருவி, கல்லாமேசைக்கு மேலே தலைகீழாகப் பிடித்து இரண்டு உலுக்கு உலுக்கினார். ஒரு துணுக்கும் விழவில்லை. கடித்தார். மென்றுகொண்டே, "இந்த ஆரஞ்சுப் பொட்டைப் பத்தி அன்னைக்கு நீங்க சொல்லவே இல்லையேக்கா?" என்றார்.

"மத்தியானம் வரைக்கும் எனக்கே தெரியாது தம்பி."

வாய் நிறைய மஃபினோடு சிரித்தபடி அவர் கண்ணாடி அலமாரியைத் திறந்து நடுத்தட்டைக் காலி செய்தார். அவள் தட்டைச் சாயாமல் தூக்கி அவர் கைகளில் கொடுத்தாள்.